ஃபர்ஸ்ட் ஃபிட் பொத்தானும் அம்பத்தூர் காதுகளும்

ஆவடியில இருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் இந்தப் புலம்பல் உண்டு. "முப்பதாயிரம் போட்டு காது மிஷின் வாங்கிக் குடுத்தோம்ங்க. போட்டாத்தானே! பீரோவுல தூங்குது." சொல்றது மகனா இருக்கும், இல்ல மருமகளா இருக்கும். பக்கத்துலயே பெரியவர் டிவி பாத்துக்கிட்டு இருப்பார். தெருமுனை வரைக்கும் கேக்குற வால்யூம். தன்னைப் பத்தித்தான் பேச்சுன்னு அவருக்குத் தெரியும். (அது மட்டும் எப்படியோ கேட்டுடும்.)

"பிடிவாதம்"னு ஒரே வார்த்தையில கேஸை முடிச்சுடறாங்க. எரிச்சல் வர்றது அங்கதான். அந்த மிஷினை அவர் காதுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணினது யாரு? எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க? செட் பண்ணினவங்களுக்கு அதை யாரு, எப்படிக் கத்துக் குடுத்தாங்க? இதை ஒருத்தரும் கேக்குறதில்ல.

காது மிஷின்னா மூக்குக் கண்ணாடி மாதிரி, மாட்டினதும் தெளிஞ்சுடும்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு. அப்படி இல்லவே இல்ல. வயசானதாலயோ இரைச்சலாலயோ உள்காது பழுதானா, எல்லாச் சத்தமும் ஒரே அளவுல குறையறதில்ல. சின்னச் சத்தம் சுத்தமாப் போயிடும். பெரிய சத்தம் மட்டும் பழைய மாதிரியே மண்டையில இறங்கும். "தாத்தா"ன்னு கூப்பிட்டா கேக்காது, கத்திக் கூப்பிட்டா "ஏன்டா கத்துற?"ன்னு கோவம் வரும். ரெண்டுமே உண்மைதான். நடிப்பு இல்ல.

அதனால மிஷின் மெல்லிசான சத்தத்தை நல்லாத் தூக்கணும், நடுத்தரச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கணும், பெரிய சத்தத்தை அப்படியே விட்டுடணும். அதையும் கட்டைக் குரல்ல இருந்து கீச்சுக் குரல் வரைக்கும் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியாச் செய்யணும். இந்தக் கணக்கை மிஷினுக்குள்ள ஏத்துறதைத்தான் ப்ரோக்ராமிங்னு சொல்றாங்க. ஏத்துறவங்க ஆடியாலஜிஸ்ட்.

இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஆடியாலஜிஸ்ட் ஒண்ணும் தொலைதூரம் இல்ல. பூந்தமல்லியில பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போரூர். அங்க 1985-ல என்.பி.வி. ராமசாமி உடையார் ஆரம்பிச்ச ஸ்ரீ ராமச்சந்திராவுல பேச்சு, செவி, மொழி அறிவியல்னு தனித் துறையே இருக்கு. படிப்போட பேர் பி.ஏ.எஸ்.எல்.பி. நாலு வருஷம், அதுல கடைசி ஒரு வருஷம் இன்டெர்ன்ஷிப். அதுக்கு மேல எம்.எஸ்சி. ஆடியாலஜி. இந்தியா முழுக்க இந்தப் படிப்புகளை ரெகுலேட் பண்றது 1992 சட்டப்படி அமைஞ்ச ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். இதுக்கெல்லாம் தாய்வீடு மைசூர்ல இருக்கிற அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம். 1965-ல ஆரம்பிச்சது. எல்லாரும் "ஆயிஷ்"னுதான் சொல்வாங்க. (சென்னையில ஆடியாலஜி மாணவர்கிட்ட "ஆயிஷ் எங்க இருக்கு?"ன்னு கேட்டா, ஐ.ஐ.டி. எங்க இருக்குன்னு கேட்ட மாதிரி பாப்பாங்க.)

சரி, கிளினிக் ரூமுக்குள்ள போவோம்.

மூணாம் வருஷ மாணவி ஒருத்தியை நெனச்சுக்கோங்க. முன்னால கம்ப்யூட்டர். அதுல நோவான்னு ஒரு சாஃப்ட்வேர். டென்மார்க்ல 1993-ல கருவிக் கம்பெனிகள் ஒண்ணாச் சேர்ந்து அமைச்ச ஹிம்சாங்கற நிறுவனத்தோடது. (பேரைப் பாத்துப் பயப்பட வேண்டாம்.) அதுக்குள்ள ஒவ்வொரு கம்பெனியும் தன்னோட சாஃப்ட்வேரைச் சொருகி வெச்சிருக்கும். போனாக்குக்கு டார்கெட், ஓட்டிகானுக்கு ஜீனி, சிக்னியாவுக்கு கனெக்ஸ், வைடெக்ஸுக்கு காம்பஸ். மாணவிக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கணும். கவலை வேண்டாம், ஒண்ணு தெரிஞ்சா மத்தது ரெண்டு நாள்ல பிடிபடும். செல்போன்ல வளர்ந்த பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

பரிசோதனையில வந்த செவி வரைபடத்தை, அதாவது ஆடியோகிராமை ஏத்தியாச்சு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. சாஃப்ட்வேர் சில கேள்வி கேக்கும். வயசு என்ன, ஆணா பெண்ணா, முன்னாடி மிஷின் போட்டிருக்காரா? ஆஸ்திரேலியாக்காரங்க உருவாக்கின என்.ஏ.எல்.-என்.எல்.2 சூத்திரம்னா இன்னொண்ணும் கேக்கும், பேசற மொழி சீனம் மாதிரி சுருதி மாறினா அர்த்தம் மாறற மொழியான்னு. தமிழ் அப்படி இல்ல, அதனால "இல்லை"ன்னு ஒரு க்ளிக். அப்புறம் அந்தப் பொத்தான். ஃபர்ஸ்ட் ஃபிட். அமுக்கினா ரெண்டு செகண்ட்ல வளைகோடெல்லாம் வரிசையா வந்து நிக்கும். பாக்கறதுக்கு அவ்வளவு அழகு!

பிரச்சினையே அந்த அழகுதான். நிறைய பேருக்கு ஃபிட்டிங் அந்தப் பொத்தானோட முடிஞ்சுடுது. "கேக்குதா ஐயா?" "கேக்குதும்மா." பில் போட்டாச்சு. அமைதியான ரூம்ல, ரெண்டடி தூரத்துல, முகத்தைப் பாத்துக்கிட்டு, நிறுத்தி நிதானமாப் பேசினா யாருக்குத்தான் கேக்காது?

திரையில தெரியற கோடு, கம்ப்யூட்டர் மனசுல இருக்கற ஒரு சராசரிக் காதோட கோடு. அந்தச் சராசரியைச் சும்மா ஒண்ணும் பிடிக்கல. 1972-ல கெமார்னு ஒரு பொம்மையே செஞ்சாங்க. நிறைய பெரியவங்களோட தலை, தோள் அளவையெல்லாம் எடுத்துச் சராசரி பாத்துச் செஞ்ச பொம்மை. அதோட, கருவியை மாட்டிச் சோதிக்க ரெண்டு கன சென்டிமீட்டர் கொள்ளளவு உள்ள ஒரு உலோகக் குழி. கம்பெனிக் கணக்கெல்லாம் இந்த வகையறாவுல இருந்து வருது. ஆனா அந்த பொம்மையோட காதை யாரும் வெச்சுக்கிட்டு நடமாடல. ஒருத்தருக்குக் காதுக்குழாய் நீளம், ஒருத்தருக்கு வளைசல், ஒருத்தருக்குச் செவிப்பறையில ஓட்டை. கைக்குழந்தைன்னா குழாய் இத்துனூண்டு. அதே மிஷின், அதே செட்டிங், ஆனா சின்ன இடத்துல சத்தம் அடைபட்டு இன்னும் உரக்கப் போய் அடிக்கும்.

2007-ல ஹாஷிர் ஆஸ், பிரையன் மூர்னு பிரிட்டன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பாத்தாங்க. ஃபர்ஸ்ட் ஃபிட் பொத்தானை அமுக்கிட்டு, நிஜக் காதுக்குள்ள என்ன வருதுன்னு பாத்தா, 64 சதவீத ஃபிட்டிங்ல ஏதாவது ஒரு அலைவரிசையிலயாவது சூத்திரம் சொல்ற இலக்குல இருந்து 10 டெசிபெலுக்கு மேல விலகல். பாதிக்கு மேல! இதுல என்ன கொடுமைன்னா, கோட்டை விடுறது அடிக்கடி மேல்சுருதிப் பக்கம். ச, ஸ, ஷ மாதிரி எழுத்தெல்லாம் குடியிருக்கற இடமே அதுதான்.

இதைச் சரி பண்ண ஒரு வழி இருக்கு. அது பேர் ரியல் இயர் மெஷர்மென்ட். படிக்கறவங்க வாயில "ரெம்". செவியியல் மாணவர்கள் உண்மையிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போறது இதுக்குத்தான்.

ரொம்ப மெல்லிசா ஒரு சிலிகான் குழாய். அதோட ஒரு முனை மைக்கோட சேர்ந்திருக்கும், இன்னொரு முனை நோயாளியோட காதுக்குள்ள போகணும். எவ்வளவு தூரம்? செவிப்பறையில இருந்து அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள. தொடவும் கூடாது, தள்ளியும் நிக்கக் கூடாது. தள்ளி நின்னா மேல்சுருதி அளவு தப்பாக் காட்டும். தொட்டா பெரியவர் நாற்காலியை விட்டுத் துள்ளுவார். (ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா அந்த மாணவி அடுத்த வாரம் வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டிருப்பா.)

அதனால குழாய் மேல முன்னாடியே ஒரு குறி. பெண்களுக்கு 28 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 30, இல்ல 31. காதுமடலோட அடிப்பக்கம், முன்னால இருக்கற பள்ளத்துல அந்தக் குறி வந்து நின்னா சரியான இடம்னு கணக்கு. இடது கையால மடலை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிக்கணும், அப்பத்தான் காதுக்குழாயோட வளைசல் நேராகும். வலது கையோட சுண்டுவிரல் நோயாளியோட கன்னத்துல பதிஞ்சிருக்கணும். அவர் திடீர்னு தலையைத் திருப்பினா கையும் கூடவே போகும், குழாய் உள்ள குத்தாது. தரையில உரசிக்கிட்டே போற மாதிரி, குழாயைக் காதோட அடித்தளத்துல வழுக்கி விடணும். நடுவுல சில பேருக்கு இருமல் வரும். காதுக்குள்ள ஓடற வேகஸ் நரம்போட ஒரு கிளைதான் காரணம். "தண்ணி வேணுமாங்க ஐயா?"ன்னு மாணவி பதறுவா. சீனியர் சிரிப்பாங்க.

இதுல அழுக்கு வேற. காதுல குரும்பி இருந்தா குழாய் முனை அடைச்சுக்கும், திரையில கோடு பாதாளத்துக்குப் போயிடும். மிஷின்ல கோளாறுன்னு நெனச்சு எல்லா பட்டனையும் தட்டிப் பாத்துட்டு, கடைசியில குழாயை வெளிய எடுத்தா நுனியில மஞ்சளா ஒரு பொட்டு. இதை அனுபவிக்காம பாஸ் ஆன ஆடியாலஜிஸ்ட் கிடையாதுன்னே சொல்லலாம்.

எடுத்தவுடனே நோயாளி காதுல கை வெக்க முடியுமா? முடியாது. வகுப்புல பசங்க ஒருத்தர் காதுல ஒருத்தர் பழகறதுதான் எல்லா ஊர்லயும் வழக்கம். நல்ல ஃப்ரெண்ட்ஷிப்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இல்ல. கனடாவுல இதுக்குன்னே கார்ல்னு ஒரு பொம்மைத் தலை வந்திருக்கு. மெத்துன்னு காது, உள்ள செவிப்பறை இருக்கற இடத்துல மைக். எத்தனை தடவை குத்தினாலும் துள்ளாது. ஆனா கார்ல் இருமாது, பயப்படாது, "பாப்பா, வலிக்குமா?"ன்னும் கேக்காது.

குழாய் போட்டாச்சு, மேல மிஷினையும் மாட்டியாச்சு. இப்ப ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல் பேசும். என்ன மொழின்னே புரியாது. பெரியவர் முகத்தைப் பாக்கணுமே! "என்னம்மா, மிஷின் போட்டும் ஒண்ணும் புரியலையே"ன்னு கலங்கிடுவார். அது யாருக்குமே புரியக் கூடாதுன்னு செஞ்ச பேச்சு. அரபி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஸ்பானிஷ் பேசற ஆறு பெண்களோட குரலைப் பொடிப்பொடியா வெட்டி ஒட்டினது. உலகம் பூரா இதை வெச்சுத்தான் சோதிக்கறாங்க. நம்ம ஊர்ல இதை ஓடவிடறதுக்கு முன்னாடியே "ஐயா, இது சும்மா சத்தம், புரியலன்னா கவலைப்படாதீங்க"ன்னு சொல்லணும்னு மாணவர்களுக்கு மூத்தவங்கதான் சொல்லித் தரணும்.

தமிழ் ஏன் இல்லன்னு கோவம் வருதா? இன்னொரு சேதியும் கேளுங்க. 1994-ல டெனிஸ் பைர்ன் குழு, பல மொழிப் பேச்சுகளோட சத்த அளவை அலைவரிசை வாரியா அளந்து வெளியிட்டுச்சு. அதுல சிங்களம் இருக்கு, தமிழ் இல்ல. ஆனா அவங்க முடிவு நமக்குச் சாதகம்தான். எந்த மொழியானாலும் பேச்சோட சராசரி வடிவம் கிட்டத்தட்ட ஒண்ணுதானாம். அதனால அந்த ஆறு பெண்களை நம்பித் தமிழ்க் காதுக்கும் மிஷினை செட் பண்ணலாம். (கோவம் முழுசாப் போகலதான்.)

மெல்லிசான 50 டெசிபெல், சாதாரணமான 65, உரத்த 80. மூணு அளவுலயும் பேச்சு ஓடும். திரையில இலக்குக் கோடு ஒரு பக்கம், காதுக்குள்ள நிஜமா வர்ற கோடு ஒரு பக்கம். ரெண்டையும் ஒட்ட வெக்கணும். 3000 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் ஏத்து, 500-ல கொஞ்சம் இறக்கு. ஏத்தினா கொய்ங்னு விசில் அடிக்கும். அப்ப காதுக்குள்ள சொருகற அச்சு லூஸா, மூடி சின்னதான்னு போய்ப் பாரு. ஒரு காதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும். அமெரிக்காவுலயே ஆடியாலஜிஸ்டுகள்ல பாதிப் பேர்கூட இதைத் தவறாம செய்யறதில்லன்னு கருத்துக்கணிப்புகள் சொல்லுது. அதனால நம்ம ஊரை மட்டும் தனியாத் திட்டி பிரயோஜனம் இல்ல.

அளந்து முடிச்சா ஆச்சா? அம்பத்தூர் வந்து குறுக்க நிக்கும்.

இந்த ஏரியாவோட காதுகளுக்குன்னு ஒரு சரித்திரம் உண்டு. அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் 1960-கள்ல வந்தது. ஆவடி ஹெவி வெகிக்கிள்ஸ் ஃபேக்டரி 1961-ல. பாடியில பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். பிரஸ் ஷாப்லயும் ஃபோர்ஜிங்லயும் முப்பது வருஷம் நின்னவங்க இப்ப ரிட்டயர் ஆகி வீட்ல இருக்காங்க. அவங்க ஆடியோகிராமை மாணவர்கள் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுடுவாங்க. 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு சரேல்னு பள்ளத்துல இறங்கி, 8000-ல கொஞ்சம் மேல ஏறும். இரைச்சல் காதை அரிச்சதோட கையெழுத்து அது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்னு நம்ம தொழிற்சாலை விதிகள் வரம்பு வெச்சிருக்கு. இரைச்சலால வர்ற செவித்திறன் குறைவு 1948 ஃபேக்டரீஸ் சட்டத்துல தொழில்நோய்ப் பட்டியல்லயே இருந்தது. ஆனா "அப்பல்லாம் காதுல பஞ்சு வெச்சுக்குவோம் தம்பி"ங்கறதுதான் நிறைய பேரோட பாதுகாப்புக் கதை.

இவங்க வந்து சொல்ற முதல் வாக்கியம் எப்பவும் ஒண்ணுதான். "எல்லாம் கேக்குது, ஒண்ணும் புரியல." கீழ்சுருதி நல்லா இருக்கறதால ஆ, ஓ, ஊ எல்லாம் முழுசாக் கேக்கும். ச போச்சு, ஷ போச்சு. "சாவி எங்க?"ன்னா "காவியா?"ம்பார். சட்டைக்குப் பதிலாக் கட்டை வரும். வீட்ல சிரிப்பாங்க, அவர் பேசறதையே குறைச்சுக்குவார்.

இவருக்கு மிஷின் மாட்டினா அடுத்த புகார் வரிசையா வரும். சாஃப்ட்வேர்ல புகார்களுக்குன்னே ஒரு பட்டியல் இருக்கும், ஆங்கிலத்துல. அமெரிக்காவுல 2003-லயே ஆடியாலஜிஸ்டுகளைக் கேட்டு, நோயாளிகள் எந்தெந்த வார்த்தை சொல்வாங்க, அதுக்கு எதைத் திருகணும்னு தொகுத்து ஒரு ஆய்வா வெளியிட்டாங்க. நம்ம பெரியவர் அந்தப் பட்டியலைப் பாத்தா பேசுவார்? "பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி இருக்கு"ம்பார். அப்படின்னா அவர் குரல் அவருக்கே உள்ள அடைபட்டு அதிருது. காத்தோட்டமான மூடி போடணும், இல்ல கீழ்சுருதியைக் குறைக்கணும். "தகரத்தைத் தட்டற மாதிரி" இருந்தா மேல்சுருதி ஓவர். "மருமக பாத்திரம் போட்டா உயிரே போகுது"ன்னா உரத்த சத்தத்தோட உச்ச வரம்பை இறக்கணும், மொத்த வால்யூமை இல்ல. "கரகர"ங்குதுன்னா மிஷின் குழாய்ல வேர்வைத் தண்ணி நிக்குதான்னு முதல்ல பாக்கணும். சென்னை வெயில்ல பாதி "கரகர"வுக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படாது, ஒரு ஊது போதும்.

இந்த அகராதி எந்தப் பாடப் புத்தகத்துலயும் கிடையாது. ஓ.பி.யில உக்காந்து காது குடுத்துத்தான் சேக்கணும். மொத்த வால்யூமையும் கடகடன்னு குறைச்சுடறதுதான் புதுசா வர்றவங்க செய்யற வேலை. புகார் நின்னுடும். நோயாளியும் சந்தோஷமாப் போவார். மிஷின் போட்டிருக்கறதும் போடாததும் ஒண்ணாயிடும், அவ்வளவுதான்.

கேள்வி கேக்கறதுலயும் ஒரு பயிற்சி உண்டு. "மிஷின் எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டா "பரவால்ல"ங்கற பதில்தான் வரும். அதுல இருந்து எந்த அலைவரிசையைத் திருகுவீங்க? ஆஸ்திரேலியாவுல ஹார்வி டில்லன் 1997-ல கோசின்னு ஒரு எளிய முறை கொண்டு வந்தார். மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியே, எந்தெந்த இடத்துல நல்லாக் கேக்கணும்னு நோயாளி வாயாலயே அஞ்சு வரைக்கும் சொல்ல வெச்சு எழுதிக்கறது. அப்புறம் அந்த அஞ்சுல எத்தனை தேறிச்சுன்னு பாக்கறது. நம்ம பக்கத்துல கேட்டா ரேஷன் கடையில நம்பர் கூப்பிடறது, அமெரிக்காவுல இருக்கற பேத்தி வீடியோ கால்ல பேசறது, கோயில்ல ஐயர் நட்சத்திரம் கேக்கறது, ஷேர் ஆட்டோக்காரர் "ஏறுங்க, ஏறுங்க" சொல்றதுன்னு வரும். "டிவி" கட்டாயம் வரும், அதைச் சொல்றது மட்டும் மருமகள்.

மௌன்ட் பூந்தமல்லி ரோடு வாசல்லயே இருக்கும்போது, சத்தம் புகாத ரூமுக்குள்ளயே சோதிச்சு அனுப்பறது என்ன நியாயம்? நோயாளியை வெளிய டீக்கடை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போய், பஸ் ஹார்ன் நடுவுல நாலு வார்த்தை பேசிப் பாத்து, திரும்பி வந்து திருகறதும் பாடம்தான். சிலபஸ்ல மார்க் இருக்கோ இல்லையோ.

இதுக்கெல்லாம் முன்னாடி அச்சு எடுக்கணும். இதை விட்டுட்டா ஆடியாலஜி ஆளுங்க கோச்சுக்குவாங்க. காதுக்குள்ள முதல்ல லைட் அடிச்சுப் பாத்து, நூல் கட்டின பஞ்சு ஒண்ணை ரெண்டாவது வளைவு தாண்டி வெக்கணும். அப்புறம் ரெண்டு களியைப் பிசைஞ்சு சிரிஞ்சுல அடைச்சு நெரப்பணும். நாலஞ்சு நிமிஷத்துல இறுகிடும். எடுத்தா காதோட அசல் உருவம். அந்தப் பஞ்சைச் சோம்பேறித்தனத்துல வெக்காம விட்டுட்டா, களி செவிப்பறை வரைக்கும் போய் ஒட்டிக்கும். பறையில ஓட்டை இருக்கறவருக்கு நடுக்காதுக்குள்ளயே போய், ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டியதாயிடும். காதுல சீழ் பிரச்சினை சகஜமா இருக்கற நாட்டுல இது வெறும் தியரி இல்ல. மாணவர்கள் கை நடுங்கறதுல ஒரு நியாயம் இருக்கு. நடுங்காதவங்களைப் பாத்துத்தான் ஆசிரியர்களுக்குப் பயம்.

குழந்தைங்க கதை தனி. அவங்களால "தகரம் மாதிரி"ன்னு சொல்ல முடியாது. அதனால டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலி: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். வாயை மறைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லணும், கேட்டா குழந்தை ஒரு கட்டையை டப்பாவுல போடணும். ம்-முக்குப் போட்டு ஸ்-ஸுக்குப் போடலன்னா மேல்சுருதி எட்டலன்னு அர்த்தம். இது வீட்ல தினமும் காலையில அம்மாவே செய்யலாம், காசு கிடையாது. காது வேற வளர்ந்துக்கிட்டே இருக்கும், அச்சு சீக்கிரமே லூஸாகி விசில் அடிக்கும். புது அச்சுக்குத் திருவள்ளூர் பக்கத்துல இருந்து பஸ் மாறி வர்றதுன்னா ஒரு நாள் கூலி போச்சு.

தூரம்ங்கற இந்தத் தொல்லைக்குப் போரூர்க்காரங்க ஒரு வழி பாத்தாங்க. சாட்டிலைட் இணைப்போட ஒரு வேன் கிராமத்துக்குப் போகும், பச்சைக் குழந்தைங்களோட செவி நரம்புப் பரிசோதனையை நகரத்துல உக்காந்திருக்கற ஆடியாலஜிஸ்ட் அங்கிருந்தே நடத்துவாங்க. வித்யா ராம்குமார், ரூபா நாகராஜன் குழு இதை 2013-ல டெலிமெடிசின் ஆய்விதழ்ல வெளியிட்டாங்க. நேர்ல எடுத்ததுக்கும் தூரத்துல எடுத்ததுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. இப்பல்லாம் மிஷினையே போன் ஆப் வழியா தூரத்துல இருந்து திருகலாம். ஆனா சிலிகான் குழாயை வாட்ஸ்அப்ல அனுப்ப முடியாதே!

மாணவர்களை ரொம்பச் சங்கடப்படுத்தற விஷயம் டேட்டா லாக்கிங். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டாங்கன்னு மிஷினே எழுதி வெச்சுக்கும். "டெய்லி போடறேம்மா, தூங்கறப்பதான் கழட்டறேன்"ம்பார் ரிட்டயர்டு ஃபோர்மேன். திரையில அரை மணி நேரம். 22 வயசுப் பொண்ணு, தாத்தா வயசு ஆள்கிட்ட "ஐயா, பொய் சொல்றீங்க"ன்னு சொல்ல முடியுமா? நல்ல சூபர்வைசர் திரையை அவர் பக்கம் திருப்பக் கூடாதும்பாங்க. "எந்த நேரத்துல போட்டா தொல்லையா இருக்கு?"ன்னு கேளு, போதும். ஹெல்மெட் போட்டா மிஷின் நசுங்குது, கண்ணாடிக் கம்பி இடிக்குது, சர்க்கரையால விரல் மரத்துப் போய் பேட்டரிக் கதவு திறக்க வரலன்னு ஒண்ணொண்ணா வெளிய வரும். பாதி விஷயம் ப்ரோக்ராமே இல்ல.

இலவசமாத் தர்ற கருவிகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசோட அடிப் திட்டம் 1981-ல இருந்து இருக்கு, மாநில அரசும் காதுக்குப் பின்னால மாட்டற கருவி தருது. குடுக்கறது நல்ல காரியம், சந்தேகமே இல்ல. ஆனா முகாம்ல வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்போது யாரு குழாய் போட்டு அளப்பாங்க? குடுத்த எண்ணிக்கை பேப்பர்ல வருது, போட்டுக்கிட்டு இருக்கற எண்ணிக்கை வர்றதில்ல.

அமெரிக்காவுல 2022 அக்டோபர்ல இருந்து லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவங்க சீட்டு இல்லாமலே கடையில மிஷின் வாங்கலாம். 2024-ல ஏர்பாட்ஸையே அந்த வேலைக்கு அனுமதிச்சுட்டாங்க. அப்ப இந்தப் பசங்க எதுக்கு நாலு வருஷம் படிக்கணும்னு கேக்கறவங்க இருக்காங்க. ரெண்டு வயசுக் குழந்தைக்கும், பிரஸ் ஷாப் தாத்தாவுக்கும், சீழ் வடியற காதுக்கும் ஆப் வராது. அவ்வளவுதான் பதில்.

அடுத்த வாரம் வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது ஃபிட்டிங்குக்குப் போறீங்களா? கண்ணாடி, ஹெல்மெட், போன் மூணையும் எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்ல யார் பேசறது அவருக்குப் புரியறதே இல்லையோ, அவங்களையும் கூட்டிப் போங்க. "டியூப் போட்டு அளப்பீங்களா?"ன்னு கூச்சப்படாமக் கேளுங்க. மாணவர் யாராவது செய்ய வந்தா "சீனியர் இல்லையா?"ன்னு மூஞ்சியைத் தூக்காதீங்க. அவங்கதான் உங்களுக்கு அரை மணி நேரம் கூடுதலாக் குடுப்பாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பெரியவரே தன் கையால மூணு தடவை மாட்டிக் கழட்டிக் காட்டணும்.

அப்புறம், பேட்டரி ஸ்டிக்கரை உரிச்ச உடனே கதவைச் சாத்திடாதீங்க. அது காத்துல ஓடற ஜிங்க் பேட்டரி. ஒரு நிமிஷம் வெளிய வெச்சுட்டு, காத்து உள்ள போனதும் போடுங்க.